ஃபெராரி 308, 328: சொந்தக் கையால் பராமரிக்க ஒரு வழிகாட்டி

1975 முதல் 1985 வரை வந்த ஃபெராரி 308, அதைத் தொடர்ந்து 1989 வரை வந்த 328 ஆகிய இரண்டும், பெயரைக் கேட்டதும் எழும் அச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நல்ல ஸ்பேனர் செட்டும் பொறுமையும் உள்ள ஒருவர் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடிய வண்டிகள். இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காகப் பொருத்தப்பட்ட வி8 எஞ்சின், எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம், தொடக்க கால 308-இல் நான்கு வெபர் கார்புரேட்டர்கள், 1980-இலிருந்து பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் என எல்லாமே கண்ணால் பார்த்து, கருவியால் அளந்து புரிந்துகொள்ளக்கூடிய அமைப்புகள். பின்னால் வந்த 348, எஃப்355 மாடல்களில், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கே எஞ்சினை வெளியே இறக்க வேண்டும். 308, 328-இல் அந்த வேலையை எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே முடிக்கலாம். வீட்டு கராஜில் பராமரிக்க ஏற்ற பழைய ஃபெராரி எது என்று கேட்டால், இந்த இரண்டையும் நான் தயங்காமல் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்த வண்டிகளைப் பராமரிப்பதில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது கணக்கு முறையை. சாதாரணக் காருக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று கணக்கு வைப்போம். ஆண்டில் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மீதி நாளெல்லாம் போர்வைக்கு அடியில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு பயன்படாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகுகிறது, பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கிறது, ஆயில் சீல் காய்கிறது, மின் இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியை வாங்கியவர்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அது கடைசியாக மாற்றப்பட்ட ஆண்டை எழுதுங்கள். ரசீதோ பதிவோ இல்லாத பாகத்தை மாற்றப்படாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் உரிமையாளரின் வாய்மொழி உறுதி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், டைமிங் பெல்ட் விஷயத்தில் அதை நம்பி எஞ்சினைப் பணயம் வைக்கக் கூடாது.

வேலைகளின் வரிசையும் இந்த நோட்டிலிருந்தே வர வேண்டும். தீப்பிடிக்கக் காரணமாகும் பெட்ரோல் குழாய்கள் முதலில், வண்டியை நிறுத்தும் பிரேக்கும் தரையைப் பிடிக்கும் டயரும் அடுத்து, எஞ்சினை ஒரே நொடியில் நாசமாக்கக்கூடிய பெல்ட் அதற்கடுத்து, கூலிங்கும் மின்சாரமும் பின்னர், ட்யூனிங் கடைசியில். பெயின்ட், தோல் இருக்கை, பளபளப்பு எல்லாம் இந்த வரிசைக்கு வெளியே நிற்கட்டும்.

தூக்கி நிறுத்துவது

எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சை ஒட்டி இருப்பதால் இந்த வண்டியின் பின்பாதி கனமானது. கையேட்டில் காட்டியுள்ள இடங்களிலும் சட்டகத்தின் முதன்மைக் குழாய்களிலும் மட்டுமே ஜாக்கியை வைக்க வேண்டும்; அலுமினியத்தில் வார்த்த ஆயில் சம்பில் வைத்துத் தூக்கினால் அது விரிசல் விடும், மெல்லிய தரைத் தகட்டில் வைத்தால் தகடு உள்வாங்கும். ஜாக்கிக்கும் குழாய்க்கும் இடையே தடித்த ரப்பர் கட்டை ஒன்று இருக்கட்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அடியில் நுழையும் முன் எடை முழுவதும் ஸ்டாண்டுகளின் மேல் இறங்கியிருக்க வேண்டும், வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பார்த்து அது உறுதியாக நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, அலுமினிய மரைகளைப் பற்றியது. சிலிண்டர் ஹெட், கேம் கவர், தெர்மோஸ்டாட் கூடு, கியர்பாக்ஸ் கூடு எல்லாமே அலுமினியம். அவற்றில் எஃகு போல்ட் பல ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும். திருகத் தொடங்கும்போது போல்ட் முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள், பிறகு சற்றுச் சூடாக்கி, கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்கி, மெல்ல மெல்ல வெளியே கொண்டுவாருங்கள். திரும்பப் பூட்டும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். சிறிய எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டரே போதும், அதற்கு மேல் போனால் மரை போய்விடும். ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். பூட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும்.

பெட்ரோல் குழாய்கள்

நடுவில் எஞ்சின் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எரிந்துபோவதற்கு ஒரு முக்கியக் காரணம் முதிர்ந்த பெட்ரோல் குழாய்தான். ஓட்டுநருக்குப் பின்னால் கசிவு நடப்பதால் புகை கண்ணாடியில் தெரியும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. குழாயை வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் முடி போன்ற வெடிப்புகள் தெரிகின்றனவா, விரலால் அழுத்தினால் மரக்கட்டை போல் கடினமாக இருக்கிறதா, கிளாம்ப் இருக்குமிடத்தில் பள்ளம் விழுந்து ரப்பர் பிதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றி நிறுத்திவிடாமல், டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள அத்தனை ரப்பர் குழாய்களையும் ஒரே முறையில் மாற்றுவதுதான் சரி; எல்லாமே ஒரே வயது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரக்குறி பொறித்த குழாயையே வாங்க வேண்டும். பழைய ரப்பர் பலவும் அந்தக் கலவையில் ஊறி மென்மையாகி உள்ளே உரியத் தொடங்கும், அந்தத் துகள்கள் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அழுத்தம் குறைவு. கே-ஜெட்ரானிக் வண்டியில் அது ஏறக்குறைய 5 பார். அதுவும் எஞ்சினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் குழாயில் தங்கி நிற்கும். அதனால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எந்த இணைப்பையும் திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, இணைப்பின் மேல் துணியைச் சுற்றி மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய செம்பு வாஷர் போட வேண்டும். பழையது ஒருமுறை நசுங்கிவிட்டதால் மறுபடி ஒழுங்காக அடைக்காது. வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே இயக்க வேண்டாம். முதலில் பம்பை மட்டும் ஓடவிட்டு, உலர்ந்த காகிதத்தை ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். தீயணைப்பான் ஒன்று இந்த வேலை முழுவதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். வண்டிக்குள்ளும் நிரந்தரமாக ஒன்று இருப்பது நல்லது.

பிரேக்கும் டயரும்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு தர விதி உறுதியளிப்பது 155 டிகிரி மட்டுமே. வண்டி ஓடினாலும் நின்றாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். இதனால் கொதிநிலை காக்கப்படுவதோடு, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுவதும் குறையும்.

ஒரு சக்கரம் மட்டும் ஓட்டத்துக்குப் பிறகு அதிகமாகச் சூடாகிறது, பிரேக்கை விட்ட பின்னும் இழுக்கிறது என்றால் பலரும் காலிப்பரைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் அங்கே போகும் ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும், வயதான குழாயின் உட்சுவர் உப்பி ஒருவழி வால்வு போல வேலை செய்யத் தொடங்கிவிடும். மிதித்த அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீடர் திருகைச் சற்றுத் திறந்துவிடுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் காலிப்பருக்கு முன்னால் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். திறந்த பிறகும் இறுகியே இருந்தால் காலிப்பர் பிஸ்டன்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000-க்கு முன் செய்யப்பட்ட டயர், பூ எவ்வளவு மீதமிருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது.

டைமிங் பெல்ட்

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகள் நான்கு, அவற்றைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டுகள் இரண்டு. ஒவ்வொரு சிலிண்டர் வரிசைக்கும் ஒரு பெல்ட். கிராங்க் ஷாஃப்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியாகச் சுழலும் இரண்டு சிறு புல்லிகள் அவற்றை ஓட்டுகின்றன. பெல்ட் அறுந்தாலோ சில பற்கள் தாண்டினாலோ பிஸ்டன் மேலேறி வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். அதன் பின் செய்ய வேண்டியது ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றும் பெரிய வேலை. ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 3 முதல் 5 ஆண்டுக்குள் பெல்ட்டுகளை மாற்றிவிடுவது இந்த வண்டிகளை நன்கு அறிந்தவர்களின் வழக்கம். நின்றே கிடக்கும் வண்டியில் பெல்ட் ஒரே வளைவில் பல மாதங்கள் மடிந்திருப்பதால், ஓடும் வண்டிக்கு இருக்கும் சலுகை அதற்குக் கிடையாது.

பெல்ட்டுகள் வண்டியின் வலப் பக்கத்தில் இருக்கின்றன. வலப் பின் சக்கரத்தையும் அதன் உள் தடுப்பையும் கழற்றினால் வேலை செய்ய வழி கிடைக்கும். அங்கிருந்து ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏ.சி. கம்ப்ரஸர் இருந்தால் அதன் பெல்ட், பெல்ட் மூடிகள் என ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வைத்தால் பின்னால் குழப்பம் வராது.

டைமிங் குறிகளைப் பார்க்கக் கேம் கவர்களையும் கழற்ற வேண்டும். இது கூடுதல் வேலையாகத் தோன்றினாலும், கசியும் கேஸ்கெட்டுகளையும் கேம் முனை சீல்களையும் மாற்ற இதைவிட நல்ல வாய்ப்பு வராது. எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுழலும். கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கைப்பிடியைப் பொருத்தி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பினால் பெல்ட்டின் தளர்ந்த பக்கம் மாறிவிடும், குறிகளும் உண்மை பேசாது. ஃப்ளைவீல் கூட்டில் ஒரு சிறு பார்வைத் துளை உண்டு. அதன் வழியே விளக்கடித்துப் பார்த்தால், ஃப்ளைவீலின் விளிம்பில் பொறித்த கோடுகளும் எழுத்துகளும் ஒவ்வொன்றாகக் கடந்து போவது தெரியும், "பி.எம். 1-4" என்று பொறித்த கோடு, துளையின் குறிமுனைக்கு நேராக வரும்போது 1-ஆவது பிஸ்டன் உச்சத்தில் நிற்கிறது. அதே நேரத்தில் நான்கு கேம் ஷாஃப்டுகளின் கழுத்திலுள்ள கோடுகளும் முன்பக்க பேரிங் மூடிகளிலுள்ள கோடுகளைச் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும்.

பெல்ட்டைக் கழற்றும் முன் புல்லிகளிலும் பழைய பெல்ட்டிலும் வெள்ளை பெயின்டால் குறி இடுங்கள். எப்போதும் ஒரு வரிசையை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் ஷாஃப்ட் பெல்ட் நீங்கிய கணமே துள்ளித் திரும்பக்கூடும். அதற்கான பூட்டுக் கருவியை மாட்டிய பிறகே பெல்ட்டை எடுங்கள். புதிய பெல்ட்டைப் போடும்போது இறுக்கமாக இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து தொடங்கி, தளர்வு முழுவதும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் சேரும்படி கொண்டுவர வேண்டும். டென்ஷனரின் நட்டைத் தளர்த்தினால் அதிலுள்ள ஸ்பிரிங்கே தேவையான இழுவையைக் கொடுக்கும். கையாலோ கம்பியாலோ நெம்பிக் கூடுதலாக இறுக்கினால் பேரிங் விரைவில் போகும். கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் திருப்பி, குறிகள் மீண்டும் ஒரே நேரத்தில் கூடுவதைப் பார்த்த பிறகே டென்ஷனர் நட்டைக் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். கைத்திருப்பலின்போது எங்காவது உறுதியான தடை தென்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடமாக இருக்கலாம்.

டென்ஷனர் பேரிங்குகளைப் பெல்ட்டோடு சேர்த்து மாற்றுவதைத் தவிர்க்கவே கூடாது. புதிய பெல்ட் நன்றாக இருந்தாலும் பழைய பேரிங் இறுகினால் முடிவு ஒன்றுதான். இங்கே ஒரு பயனுள்ள செய்தி: பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் உலகம் முழுவதும் பொதுவான அளவெண். அதே எண்ணில் தரமான தயாரிப்பாளரின் அடைப்புள்ள பேரிங் பெரும்பாலும் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். ஃபெராரியின் குதிரைச் சின்னப் பெட்டியில் வரும் பாகத்துக்கு ஆகும் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஆயில் சீல்களிலும் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்றும் பொருந்தினால் இதே வழி உண்டு, வெப்பம் தாங்கும் ரப்பரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேம் கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியை அளந்துவிடுங்கள். 308-இல் எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக் பக்கம் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர். அளவுக்கு வெளியே இருந்தால் மேலுள்ள ஷிம் தகட்டை வேறு தடிமனில் மாற்ற வேண்டும். இந்த இடைவெளிகள் விரைவில் மாறுவதில்லை. அளந்து எழுதி வைத்தாலே பல முறை போதும்.

கூலன்ட்

ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், இடையில் வண்டியின் அடியில் ஓடும் நீண்ட குழாய்கள். இந்த அமைப்பில் கூலன்ட் மாற்றிய பிறகு உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஏற்படுவது இயல்பு. ஹீட்டரை முழுவதும் திறந்து வையுங்கள், தெர்மோஸ்டாட் கூட்டிலும் ரேடியேட்டரின் மேற்புறத்திலும் உள்ள காற்றுத் திருகுகளைத் தளர்த்தி, குமிழி நின்று சீராகக் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். எஞ்சின் சூடாகி ரேடியேட்டர் விசிறிகள் தாமே ஓடி நிற்கும்வரை அருகிலேயே இருந்து வெப்ப மீட்டரைக் கவனியுங்கள், முழுவதும் ஆறிய பிறகு மீண்டும் காற்றை வெளியேற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து ஈரம் வந்தால் பம்பின் சீல் போயிற்று. அதை அடைத்துவிட்டு ஓட்டுவது ஆபத்து.

மின்சாரம்

இந்த வண்டிகளின் மின் கோளாறுகளில் பெரும்பாலானவை மூன்றே இடங்களில் கூடுகின்றன: ஃபியூஸ் பெட்டி, எர்த் இணைப்புகள், பழைய ரிலேக்கள். பழைய ஃபியூஸ் பெட்டியில் தகடுகள் ரிவெட்டால் இணைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் போகப் போக ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் களிம்பு படிந்து அந்த இடம் தடையாக மாறுகிறது. பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் விசிறி போன்று அதிக மின்னோட்டம் இழுக்கும் சுற்றுகளில் அந்தத் தடை சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி, கடைசியில் உருக்கும். ஃபியூஸ் முழுமையாக இருந்தும் விசிறி ஓடவில்லை என்றால் ஃபியூஸின் இரு பக்கத்தோடு நிறுத்தாமல் ரிவெட்டின் இரு பக்கத்தையும் அளந்து பாருங்கள்.

அளக்கும் முறை எளிது. விசிறியோ பம்போ ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றைக் கருவியின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ மோசமான இணைப்பு இருக்கிறது. சுமை இல்லாமல் அளந்தால் கெட்ட இணைப்பும் நல்லதாகவே காட்டும், அதனால்தான் பலர் நல்ல மோட்டாரைக் கழற்றி மாற்றிவிட்டு அதே கோளாறோடு நிற்கிறார்கள். நகர மறுக்கும் கண்ணாடி மோட்டாருக்கும் மெல்ல எழும் முகப்பு விளக்குக்கும் இதே சோதனைதான் முதல் வேலை. எர்த் முனைகளைக் கழற்றி உலோகம் மின்னும்வரை தேய்த்துப் பூட்டுவது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இவ்வளவு சிறிய உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் வேலை இந்த வண்டியில் வேறு இல்லை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும்.

கார்புரேட்டரும் இன்ஜெக்‌ஷனும்

வெபர் கார்புரேட்டர்களைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் நேரம் ஆகியவை சரியென்று உறுதியான பிறகே அந்தத் திருகுகளில் கைவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு குறையை மறைக்கவே ட்யூனிங் செய்தவராவீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காற்றோட்ட அளவியால் எட்டுத் துளைகளும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சமன்செய்து, அதன் பின்னரே ஐடில் கலவைத் திருகுகளுக்கு வாருங்கள். கே-ஜெட்ரானிக்கைப் பொறுத்தவரை அழுத்த மீட்டர் இல்லாமல் எதையும் திருகாதீர்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோலைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் விநியோகிப்பானின் உள்ளே ஓடும் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்வது அடிக்கடி காணும் கோளாறு. பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கி, ஃபில்டரை மாற்றிய பிறகும் சரியாகவில்லை என்றால், விநியோகிப்பானைப் பிரிக்காமல் அதற்கென்று உள்ள நிபுணரிடம் அனுப்புங்கள்.

கியர்பாக்ஸைப் பிரிப்பது, ஹெட்டில் வால்வு கைடு மாற்றுவது, துருப்பிடித்த சட்டகக் குழாயை வெட்டி வெல்டிங் செய்வது ஆகியவையும் அதே வகையில் சேரும். இவற்றுக்குத் தேவையான அளவுக் கருவிகளும் பிரஸ்களும் வீட்டு கராஜில் இருக்காது. கழற்றிக் கொடுப்பதையும் திரும்பப் பூட்டுவதையும் நீங்களே செய்தால் செலவில் பெரும் பகுதி மிச்சமாகும்.

வேலைக்குப் பின் முதல் ஓட்டம்

பெரிய வேலை முடிந்ததும் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். பெட்ரோல் வாசனை இல்லை, ஆயில் அழுத்தம் ஏறுகிறது, பிரேக் பெடல் உறுதியாக நிற்கிறது என்று நின்ற இடத்திலேயே பார்த்துக்கொண்டு, அருகிலேயே ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கியர் ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் விழ மறுப்பது இந்த கியர்பாக்ஸின் இயல்பு. வலிந்து தள்ளினால், கியர்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சின்க்ரோ வளையம் தேயும். முதல் சில நிமிடங்கள் முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்கு மாற்றி ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து இரவு முழுவதும் நிறுத்துங்கள். காலையில் அட்டையில் விழுந்திருக்கும் சொட்டின் நிறமும் இடமும் எந்த இணைப்பை மீண்டும் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே கூலன்ட் மட்டத்தைச் சரிபாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, அன்றைய தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.